பெண்களுக்கு ஒரு மணி நேரம் கதவைச் சாத்தலாமா?

ராயபுரம் நகரசபைத் தேகப்பயிற்சிச் சாலையில் இன்று சாயங்காலம் கூட்டம்.

வாரத்தில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்று மீன் விற்கும் மேரியம்மா கேட்டிருந்தார். ஜுரத்தில் கால் சூம்பிப்போன அவர் மகள், கம்பியைப் பிடித்து நடந்து பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

கயிற்றுக்கடை வைத்து ஊருக்கே நியாயம் பேசுகிறவன் நான். சும்மா இருப்பேனா?

“என் கடையில ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வெலை. சுதந்திரம் வந்தப்புறம் பொது எடம்னா எல்லாருக்கும் பொதுதான். சில பேருக்காக மத்தவங்களுக்குக் கதவ சாத்துறது இன்னா நியாயம்?” என்றேன்.

லங்கோடு கட்டி நின்ற வாலிபர்கள் கைதட்டினார்கள்.

மேரியம்மா கோபப்படவில்லை. “ரொம்ப கரீட்டு மொதலாளி. கதவ சாத்தவே வாணாம். இவனுங்கோ லங்கோட்டோட குதிச்சினு கீறப்பவே எம்பொண்ண இட்டாரேன். தொணைக்கு உம்பொண்ணையும் அனுப்பு.”

“எம்பொண்ணா? இங்கயா?” என்று கத்திவிட்டேன்.

இந்தத் தடவை கைதட்டல் இல்லை, சிரிப்புதான். மேரியம்மாவோடு வந்திருந்த அவர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். ஓட்டெடுப்பில் பெண்கள் நேரத்துக்கு முதல் கை என்னுடையது. தலைதான் நிமிரவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மகள் கேட்கிறாள்: “அது சரி நைனா, மத்த நேரமெல்லாம் யாருக்குப் பொது?”

லங்கோட்டுக்காரர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.