தூரக்கண்ணாடியின் ஓரத்தில் நின்றவள்

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் அப்போது கோலாலம்பூர் ரயில்வே பட்டறையில் பிட்டராக வேலை பார்த்தேன். குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில். என் தங்கை ஊரிலிருந்து கப்பலேறி வந்த சமயம் அது. அவள் புருஷன் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தான். அவளைத் தனியாக அனுப்பக்கூடாது என்று புருஷனுடைய அண்ணன் துணைக்கு வந்தார்.

கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்து சேர்ந்தது. ஆள் வந்து சேரவில்லை. வழியில் கப்பலில் வாந்திபேதி. செத்தவர்களைக் கடலிலேயே போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்கு அந்தக் கரையில் இருந்த கொரண்டைன் முகாமில் அடைத்துவிட்டார்கள். நோய் இல்லை என்று தெரிகிறவரை உள்ளே இருப்பவன் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவன் உள்ளே போகக்கூடாது. அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் செத்தது யார், பிழைத்தது யார் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒருத்தனும் இல்லை. வாசலில் நின்ற மாத்தா, போலீஸ்காரன்தான், என்னைப் பார்த்து, மாட்டை விரட்டுவதுபோல் கையை ஆட்டினான். நான் கத்தினேன். அவன் தடியைத் தூக்கினான். திரும்பி வந்துவிட்டேன். தோட்டத்தில் மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது. அவன் ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்கிறான், என் பெண்டாட்டி உசிரோடு இருக்கிறாளா என்று. நான் என்னத்தைச் சொல்ல?

ஊருக்கே தெரியும், எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அந்த வாரம் வீட்டில் ஒரு சட்டி மிஞ்சவில்லை.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருத்தர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தனிக்கட்டை. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தூரக்கண்ணாடியைத் துடைக்க உட்காருவார். ஆள் உயரத்துக்குப் பித்தளைக் குழாய், மூன்று கால் வைத்தது. பொழுது சாய்ந்ததும் அதைக் கொல்லையில் நிறுத்தி நிலாவையும் நட்சத்திரங்களையும் பார்ப்பார். நட்சத்திரத்தை அவர் வெள்ளி என்றுதான் சொல்வார். யாரும் கிட்டே போகக்கூடாது. குழந்தை மூச்சு விட்டால்கூட, "கண்ணாடியில ஆவி படியுது" என்று விரட்டுவார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. கண்ணாடிக்குள் நடுவில் தெரிவதெல்லாம் ஊசிமுனை மாதிரித் தெரியும். ஓரத்துக்குப் போகப் போகக் கலங்கிவிடும். "ஓரத்து வெள்ளியெல்லாம் தவளைக்குஞ்சு மாதிரி வால் முளைச்சு நிக்குது காணும்" என்பார். கறுப்புக் காகிதத்தில் வளையம் வெட்டி உள்ளே வைத்து ஓரத்தை மறைத்துப் பார்த்தார். மறைத்தால் சரியாகிவிடுமா என்று தானே கோபப்பட்டுப் பிய்த்து எறிந்தார். குழாய்க்குள் இன்னொரு மெல்லிய கண்ணாடியைச் செருகிப் பார்த்தார். ஓரம் கொஞ்சம் திருந்தியது, நடு கெட்டுப்போனது. கடைசியில் சீமைக்கு எழுதிப்போட்டுப் புது ஐபீஸ் ஒன்று வரவழைத்தார். கண்ணை வைத்துப் பார்க்கிற பக்கம் மாட்டுகிற சின்னக் குப்பி அது. பழையதில் இரண்டே கண்ணாடி. இதில் இரண்டு இரண்டாக ஒட்டிய ஜோடிக் கண்ணாடிகள் இருந்தன. ஆனால் குழாயின் வாய் பெரிசு, இது சின்னது. நடுவில் ஒரு பித்தளை வளையம் வேண்டும். அதற்கு என்னைப் பிடித்தார்.

செய்து கொடுத்தேன். மறுநாளே கொண்டு வந்து நீட்டினார். "சாயுது" என்றார்.

"மயிரிழைதானே கிராணியாரே?"

"அந்த மயிரிழையிலதான் ஒரு பக்கத்து ஓரம் போச்சு."

"நடுவுலதான் நல்லாத் தெரியுதே. ஓரத்துல இருக்கிறது வேணும்னா குழாயை நகத்திட்டுப் போங்களேன். ஓரத்துல என்ன புதையலா இருக்கு?"

"உமக்கு விளங்காது" என்றார்.

"அப்ப விளங்குறவனாப் பாத்துக் குடுங்க" என்று நான் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. ஐபீஸ் பஞ்சுக்குள் தூங்கியது.

தங்கைக்காக அந்த மனுஷன் வாசலில்தான் போய் நின்றேன். முகாமுக்கு எதிர்க்கரையில் ஒரு சீனன் காப்பிக்கடை இருந்தது. அதன் பின்பக்கம் நின்றால் ஓடைக்கு அப்பால் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிவார்கள். சாயங்காலம் டாக்டர் வந்து எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்பாராம். தூரக்கண்ணாடி இருந்தால் முகம் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். இரவல் தரமாட்டார் என்று தெரியும். திட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன், உண்மையைச் சொன்னால்.

கேட்டுவிட்டு அவர் எழுந்தார். உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "கம்பளி இருந்தால் ரெண்டு கொண்டு வாரும். ரயிலில ஆடும். நானும் வாறன்" என்றார்.

காப்பிக்கடைக்குப் பின்னால் சேறு. பலகை போட்டு மூன்று காலையும் நிறுத்தினோம். அவர் முகாமின் கொடிக்கம்பத்தைப் பார்த்துத் திருகித் தெளிவாக்கினார். டாக்டர் வந்தார், வரிசை நின்றது. உடனே கிராணியார் குழாயை விட்டு விலகி முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க பாக்கலையா?"

"அங்க பொம்பிளையள் நிக்கினம். குழாய் வச்சுப் பாக்கிற ஆள் நானில்லை. அவை உம்மட சனம். நீர் பாரும்."

பார்த்தேன்.  எல்லாரும் தலைகீழாகத் தொங்கினார்கள். அந்தக் கண்ணாடி அப்படித்தான் காட்டுமாம், வானத்துக்கு மேலென்ன கீழென்ன என்றார் முதுகைக் காட்டிக்கொண்டே. நடுவில் மூன்று நான்கு பேர் தெளிவாக, சுற்றி இருந்தவர்கள் மழைத்தண்ணி பட்ட சுண்ணாம்புபோல் வழிந்தார்கள். குழாயை நகர்த்தினால் படம் ஓடி எங்கோ போய் நிற்கும். தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போகும். எப்படியோ துணைக்கு வந்த மாப்பிள்ளையின் அண்ணனைப் பிடித்துவிட்டேன். அவருடைய பெரிய மீசையைத் தலைகீழாகவும் அடையாளம் தெரிந்தது. அவருக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவன், அந்தப் பக்கம் ஒரு பையன். என் தங்கை இல்லை. மறுபடி பார்ப்பதற்குள் டாக்டர் போய்விட்டார். வரிசை கலைந்துவிட்டது.

அவள் போய்விட்டாள் என்று முடிவு கட்டினேன். துணைக்கு வந்தவர் இருக்கிறார், பக்கத்தில் அவள் இல்லை. வேறென்ன அர்த்தம்? திரும்பி வரும்போது ரயிலில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிராணியார் குழாயை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். வீட்டில் என் சம்சாரம் முகத்தைப் பார்த்தாள். "இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். நான் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கிராணியார் வாசலில் நின்றார். கையில் பஞ்சில் சுற்றிய ஐபீஸ்.

"வளையத்தைச் செய்யும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என் தங்கச்சி செத்துக் கிடக்கா. உங்களுக்கு உங்க ஓரம்தான் பெரிசாப் போச்சா?"

அவர் அசையவில்லை. "நேற்று நீர் நடுவை மட்டும்தான் பாத்தனீர். ஓரம் உமக்குத் தெரியேல்லை. பாக்காத இடத்தில ஆள் இல்லை எண்டு எப்பிடிக் காணும் சொல்லுவீர்?"

அடிக்க ஓங்கிய கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஐபீஸை வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் நின்று கடைந்தேன். வேலையை அவ்வளவு பொறுமையாக நான் செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைந்து, போட்டுப் பார்த்து, உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி போட்டுப் பார்த்து. கடைசியில் ஐபீஸ் அதற்குள் எண்ணெய் வழுக்குவதுபோல் இறங்கி நின்றது. சாயவில்லை, ஆடவில்லை. கிராணியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை சொல்லவில்லை. அவரிடமிருந்து அது பெரிய மெச்சல்.

அன்று ராத்திரி மழை, வெள்ளி தெரியவில்லை. மறுநாள் கிளம்பும்போது சம்சாரமும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். "நீங்க பாத்துட்டு வந்து 'இல்லை'ன்னு ஒத்தை வார்த்தை சொல்வீங்க. நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

அதே காப்பிக்கடை, அதே சேறு. வரிசை நின்றது. கிராணியார் கொடிக்கம்பத்தைப் பார்த்துத் திருகித் தெளிவாக்கிவிட்டு வழக்கம்போல் முதுகைத் திருப்பிக்கொண்டார். அவர் ஆசை ஆசையாய் வரவழைத்த ஐபீஸ். புது வளையத்தோடு அதில் அவர் இதுவரை பார்த்ததெல்லாம் ஒரு கொடிக்கம்பம்.

நான் கண்ணை வைத்தேன். கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. வரிசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பார்வையில் நின்றது. எல்லாருக்கும் முகாமில் கொடுத்த ஒரே மாதிரி வெள்ளைத் துணி. மீசைக்காரர் நடுவில். இந்தப் பக்கம் கிழவன், அந்தப் பக்கம் பையன். அதே கதைதான்.

"அவரு நிக்கிறாரு. பக்கத்துல அவ இல்லை" என்றேன். 

சம்சாரம் என்னைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தாள். "அய்யோ, தலைகீழா இருக்காங்களே!" என்றாள். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து என்னை முறைத்தாள்.

"ஏங்க, அன்னைக்கும் அவரு பக்கத்துல இல்லைன்னுதான் இல்லைன்னு சொன்னீங்களா?"

"ஆமா. பின்னே?"

"புருஷனோட அண்ணன் பக்கத்துல எந்தப் பொம்பளை போய் நிப்பா? ஊர்ல இருந்தப்ப உங்க அண்ணன் முன்னாடி நான் நின்னு பாத்திருக்கீங்களா? அவரு கூடத்துல இருந்தா நான் கொல்லையில இருப்பேன். உங்க தங்கச்சி மானம் மரியாதை தெரிஞ்சவ. அவரு எங்க இருக்காரோ அதுக்கு எட்டாத தூரத்துல பாருங்கய்யா! ரெண்டு நாளா என்னை அழ வச்சீங்களே!"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஊரில் வீட்டில் தினமும் பார்த்த வழக்கம். பெண்கள் செய்கிற காரியம், நமக்கென்ன என்று கண்ணில் பட்டும் படாமல் இருந்திருக்கிறேன். குழாயை அந்தக் கோடிக்குத் திருப்பக் கை வைத்தேன்.

"குழாயைத் தொடாதையும்!" கிராணியார் திரும்பாமலே கத்தினார். "கண்ணை மட்டும் அசைச்சுப் பாரும். ஓரம் இப்ப தெரியும்."

கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். கடைசியில் ஒரு தூண். தூணை ஒட்டி ஒரு பெண். முந்தானையை முக்காடு போட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். முகம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழ், தலை கீழே, கால் மேலே. அதனால் முதலில் கண்ணில் பட்டது கால்தான். ஒரு கால் தரையில். மற்றக் காலை மடக்கி முழங்காலுக்குப் பக்கத்தில் முட்டுக் கொடுத்து, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றாள்.

என் தங்கை சின்னதிலிருந்தே அப்படித்தான் நிற்பாள். ஆடு மேய்க்கப் போனாலும் சரி, கோயிலில் பிரசாதத்துக்கு நின்றாலும் சரி. "காலை ஊனுடி" என்று அம்மாவிடம் எத்தனை அடி வாங்கினாள்! பழைய ஐபீஸில் அந்த ஓரத்தில் ஒரு கால் எது, இரண்டு கால் எது? எல்லாம் ஒரே வழிசல்தான். இப்போது மடக்கிய பாதத்தின் வளைவுகூடத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் காலை மாற்றிக்கொண்டாள். உசிரோடு இருக்கிறவள்தானே கால் மாற்றுவாள்?

டாக்டர் போய் வரிசை கலைந்தது. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். சம்சாரம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. காப்பிக்கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, எட்டிப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டு வந்தான்.

கிராணியார் அப்போதுதான் திரும்பினார். தங்கையைப் பற்றிக் கேட்கவில்லை. என் முகத்திலேயே அது எழுதியிருந்திருக்கும்.

"ஓரம் எப்பிடி?" என்றார்.

"நல்லா இருக்கு."

"வால் இல்லையே?"

"இல்லை கிராணியாரே. வால் இல்லை."

"ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றிப் பஞ்சில் சுற்றினார். சுற்றியதை அவிழ்த்து மறுபடி சுற்றினார். நான் பார்த்ததைக் கவனித்து, "என்ன பாக்கிறீர்? கம்பளியைப் பிடியும்" என்று எரிந்து விழுந்தார்.

முகாமிலிருந்து விட்டதும் தங்கை வீட்டுக்கு வந்தாள். மெலிந்து எலும்பாய் இருந்தாள். நாங்கள் பார்த்த கதையைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. முகத்தைத்தான் மறைத்தேனே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றாள். காலை வைத்து என்றேன். "அது பழக்கதோஷம்ணே" என்று வெட்கப்பட்டாள். கடைசி வீட்டு வாசலில் போய் விழுந்து கும்பிட்டாள். கிராணியார் பதறிப்போய், "எழும்பு பிள்ளை, எழும்பு. உன்ர அண்ணன்ர வளையம்தான் எல்லாம்" என்று உள்ளே ஓடிவிட்டார். அந்த வளையத்தைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னது அந்த ஒரு தடவைதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

அப்புறமும் நாங்கள் சண்டை போடாத வாரமில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு அவர் யாழ்ப்பாணம் போன அன்று ஸ்டேஷனில்கூட, குழாயை நான் வைத்த இடம் சரியில்லை என்று திட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினார். என் வளையமும் அந்தக் குழாய்க்குள்ளேயே போயிற்று. தங்கை இப்போது கிள்ளானில் பேரப்பிள்ளை எடுக்கிற வயசுக்கு வந்துவிட்டாள். கோயில் திருவிழாவிலோ கல்யாணத்திலோ கூட்டமாக ஆட்கள் நின்றால் என் கண் இன்றைக்கும் நடுவுக்குப் போவதில்லை, முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது. அங்கே தூணுக்குப் பின்னால் யாராவது முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது.