பேந்து மாத்தயாவின் கடல்

கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் நான் குடியிருக்கும் வீட்டின் முன்னறை ஒரு தேநீர்க் கடை. காலையில் அங்கே என் மேசைக்கு இரண்டு பிளேன்டீ வரும். ஒன்று எனக்கு. மற்றது பேந்து என்பவருக்கு. பேந்து என்றொருவர் உலகத்தில் இல்லை. ஆகவே அவருடைய தேநீரையும் நானே குடித்துவிட்டுக் கந்தோர் வேலைக்குப் போகிறேன். இந்தக் குளிரில் அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 'பிறகு' என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'பேந்து' என்போம். கண்டிப் பக்கத்துத் தமிழர் பலருக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கோ அது இல்லாமல் வாழத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் கீறுவான் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்திலேயே அதன்பின் ஒன்றும் கீறாமல் இருந்தேன். ஊரில் வெயிலைச் சாட்டினேன். இடமாற்றம் கிடைத்து மலைக்கு வந்ததும் மழையைச் சாட்டினேன்.

கடையும் வீடும் சரோஜா அக்காவுடையவை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கணவருக்கு மாநகரசபையில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவர். கடலைப் பார்த்ததில்லை. நான் கடற்கரைக்காரன், படமும் தெரியும் என்று வாய்தவறிச் சொன்ன அன்றே, பெரிய சுவரில் தொங்கிய கலண்டர்களை எல்லாம் கழற்றிவிட்டு அங்கே ஒரு கடல் வேண்டும் என்றார்.

"பேந்து கீறலாம் அக்கா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. பேந்து என் சிநேகிதர், பெரிய ஓவியர், யாழ்ப்பாணத்திலிருந்து வரப்போகிறார் என்று விளங்கிக்கொண்டார். கீறுவது என்றால் அவருக்குச் சுரண்டுவது. அந்த ஓவியர் எதற்காகச் சுவரைச் சுரண்ட வேண்டும் என்று மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

நான் அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் பேந்து என்று ஆளே இல்லை என்றால் சோம்பேறி நான்தான் என்று ஆகிவிடும். ஆகவே பேந்துவுக்குக் காய்ச்சல் வந்தது. ரயில் தப்பியது. தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. கடைக்குப் பாண் ரொட்டி கொண்டுவரும் சிங்களவர்கூட, "பேந்து மாத்தயா கோ?" என்று, அந்த ஐயா எங்கே என்று விசாரிப்பார். "ஹெட்ட" என்பேன். நாளைக்கு. எனக்கு முதலில் வந்த சிங்களச் சொல் அதுதான்.

தெரு முழுவதும் பேந்துவை எதிர்பார்த்தது. சரோஜாவின் கடல் இன்னும் கண்டிக்கு ஏறவில்லையா என்று வாடிக்கையாளர் பகிடி பண்ணினார்கள். அக்கா முதலில் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்.

"தீபாவளிக்குள்ள பேந்து வரலைன்னா சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருவேன் தம்பி. நம்மள வச்சுச் சிரிக்கிறாங்க" என்றார் ஒருநாள். என் பயத்துக்கு அவர் ஏன் கேலி வாங்க வேண்டும்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் விடிய, கடை திறக்க முன்னர், நீலப் பெயின்ற்றோடு சுவர் முன் நின்றேன். ஒரே ஒரு அலை கீறினேன். அது யாரோ கோபக்காரரின் புருவம் போல வந்தது. ஓடிப்போய்ப் படுத்துவிட்டேன்.

"பேந்து வந்தாரா?" என்றார் அக்கா.

"வந்தவர். மெல்ல மெல்லத்தான் கீறுவார்."

வேலை செய்கிற மனிதர் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று அன்றிலிருந்து அவருக்கும் தேநீர் வைக்கத் தொடங்கினார். பேந்துவும் தினமும் வரத் தொடங்கினார். அவருக்குக் காப்பாற்ற வேண்டிய பெயர் எதுவும் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அலை பிசகினால் வாடிக்கையாளரோடு சேர்ந்து நானும் அவரைத் திட்டுவேன். கடல் தெரியாதவனெல்லாம் ஓவியனா என்பேன். விடிந்ததும் போய்ப் பிசகிய இடத்தைத் திருத்துவேன். அப்படியே தீபாவளி போய், பொங்கலும் போய், கை கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. சுவரும் நிரம்பியது. சுண்ணாம்பு அடிப்பது பற்றி அக்கா பேசவே இல்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்து லொறிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். சுவரைப் பார்த்து, நல்ல மலை என்றார். கடையே சேர்ந்து அது கடல் என்றது. எங்கள் கடலில் இவ்வளவு உயர அலை ஏது என்று அவர் கேட்டார். அவர் சொன்னது சரி. எங்கள் கடல் தட்டை. நான் யன்னலால் ஹந்தானை மலையைப் பார்த்துப் பார்த்தே அலை கீறியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதை யார் கீறியது என்று கேட்டார். "பேந்து மாத்தயா" என்றார் பாண்காரர் பெருமையோடு. லொறிக்காரர் தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்தார். அது ஆளின் பெயரில்லை, 'பிறகு' என்பதுதான் அர்த்தம் என்று எல்லோருக்கும் விளக்கினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என் காதோரம் ஒட்டியிருந்த நீலப் பெயின்ற்றைப் பார்த்தார்.

"அப்ப நீங்கள்தானே கீறினது? எவடத்து ஆள் நீங்கள்?"

நான் காதைத் துடைத்தேன். அக்காதான், எப்போதோ தெரிந்த விஷயம் போல, அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"பேந்து இந்த ஊருங்க. தம்பிதான் யாழ்ப்பாணம்."