எரிந்துபோன துப்பாக்கி

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை வைத்து விளையாடும் மைதானம் ஒன்றில் நான் எலக்ட்ரீஷியன். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கும் நேரத்தில், பாகிஸ்தானி ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியை நீட்டினார். பேட்டரி மாட்டினாலும் சுடவில்லை என்றார். அவருடைய அணி வெளியே காத்திருந்தது. மதுரைக்கார மேனேஜர் "ஜல்தி, ஜல்தி" என்று என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார்.

வயரையெல்லாம் பிரித்துப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. சுவிட்சைத் துடைத்து, பேட்டரியை இணைத்து, விசையை அழுத்தினேன். மோட்டார் சுற்றாமல் முனகியது. வயர் கருகும் வாடை வந்தது. பேட்டரி உப்பிப் புகைய ஆரம்பித்ததும், துப்பாக்கியை அப்படியே வாசல் மணலில் வீசினேன். கண்ணெதிரே எரிந்து உருகியது.

"கஸ்டமர் துப்பாக்கிய எரிச்சுட்டியே. நாளையிலருந்து டூட்டிக்கு வராத. கலாஸ், முடிஞ்சுது" என்றார் மேனேஜர்.

வேலை போனால் விசாவும் போய்விடும். அப்போது அந்தப் பாகிஸ்தானி குறுக்கே வந்து, இந்தியில் சொன்னார்: "பாய், இவரைத் திட்டாதீங்க. போன வாரம் ஃபியூஸ் போயிருச்சு. நான்தான் அந்த இடத்துல கம்பிய முறுக்கி வச்சேன். இவர்கிட்ட சொல்லல."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மைதானமே புதுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருக்கும்.

மேனேஜர் முணுமுணுத்தபடி உள்ளே போனார். அந்த மனிதர் வாடகைத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆடப் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வேலை தப்பியது. மனம்தான் இன்னும் அடங்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.