ஸ்ரீமுஷ்ணம் மாப்பிள்ளை தூக்கிய கொடி

இன்று காலை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் குமரேசனைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் ஒரே பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தோம். எங்கள் வாலிபால் டீமுக்கு அவன்தான் கேப்டன்.

கல்யாணமானதும் மாமனார் ஊரான ஸ்ரீமுஷ்ணத்துக்குக் குடிபோனான். ஆறே மாதத்தில் அங்கே ஒரு போட்டி. இறுதி ஆட்டத்தில் அந்த ஊர் டீமும் நாங்களும் மோதினோம். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்துச் சொல்லக் குமரேசனைக் கொடியோடு நிறுத்தினார்கள். ‘நம்ம ஆளு’ என்று இரண்டு டீமும் கைதட்டின.

கடைசி செட்டு. இன்னும் ஒரே பாயிண்ட், கோப்பை எங்களுக்கு. நான் ஓங்கி அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

குமரேசன் “அவுட்டு” என்று கொடியைத் தூக்கினான். ஆட்டம் திரும்பியது, தோற்றோம். அன்றோடு அவனுடன் பேச்சை விட்டேன்.

இன்று கேட்டே விட்டேன். “இப்பவாவது நெசத்தச் சொல்லுடா. அந்தப் பந்து உள்ளயா, வெளியவா?”

“உள்ளதான் வுழுந்துச்சு.” கூச்சமே இல்லை.

“பின்ன ஏன்டா கொடியத் தூக்குன?”

“மொத வரிசையில மாமனாரு உக்காந்திருந்தாரு. நீங்க கப்ப தூக்கிக்கிட்டு பஸ்ஸு ஏறிடுவீங்க. நான் அந்த வூட்டுலதானடா சாப்புடணும்?”

கோபம் போய்ச் சிரித்துவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறானாம். பஸ் ஏறும்போது, “இந்த வருசம் கிரிக்கெட்டுல நம்ம பெங்களூர் டீமுதான், பாத்துக்க” என்றான்.

அவன் மருமகள் பெங்களூர்ப் பெண்.

கல்யாணத்துக்குப் பிறகும் பழைய டீமுக்கே கைதட்டும் ஆண்கள் யாராவது இருந்தால், மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கமெண்டில் சொல்லுங்கள்.