நாலு மணி நேரம் நகராத முட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது இது. பலாபத்வலையில், கண்டி வீதியோரமாக எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. யாழ்ப்பாணம் போகிற லொறிக்காரர்கள்கூட நிறுத்தி, குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். என் மனைவி மட்டும் நாலு வாய் சாப்பிட்டதுமே போதும் என்பாள். வற்புறுத்தி வைத்தால் சாயந்தரம் அப்படியே வாந்தி எடுப்பாள். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவள், ஒரே வருடத்தில் பாதியாக இளைத்துவிட்டாள்.

"மத்தியானம் தின்னது இன்னும் உள்ளுக்கேயே நிக்குதுங்க" என்பாள். சாக்கு சொல்கிறாள் என்றே நினைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "சோத்துக் கடைக்காரன் பொண்டாட்டி பட்டினியில செத்துப்போச்சுன்னு ஊர் சிரிக்கணுமா?" என்று கத்துவேன்.

கடைசியில் கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சோதனைக்கு நாள் கொடுத்தார்கள். சாப்பாடு வயிற்றிலிருந்து எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை. படத்தில் தெரிகிற மருந்து கலந்த முட்டையைப் பாண் ரொட்டியோடு சாப்பிட வேண்டும். பிறகு நாலு மணி நேரம் வரை இடையிடையே படம் எடுப்பார்கள். அங்கே போன பிறகுதான் இது தெரிந்தது. முட்டை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாசித் திருவிழாவில் அம்மனுக்குப் பால்குடம் எடுக்க, முட்டைகூடத் தொடாமல் அவள் விரதம் இருந்தாள். கல்யாணமான நாள் முதல் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

"வேணாம். திருவிழா முடிய வேற நாள் கேப்போம்" என்றேன்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மனுக்கு என் வயித்தப் பத்தித் தெரியுங்க. நீங்கதான் நம்பல." கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டாள்.

கடைசிப் படம் எடுத்த பிறகு டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். முதல் படத்தில் முட்டை என்று காட்டிய வெள்ளைத் திட்டு, கடைசிப் படத்திலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருந்தது. இந்நேரம் அநேகமாக எல்லாமே இறங்கியிருக்க வேண்டும், இவருக்குப் பாதிக்கு மேல் வயிற்றிலேயே நிற்கிறது என்று சிங்களத்தில் விளக்கினார். சீனி வருத்தம் வயிற்று நரம்புகளைத் தளர்த்திவிட்டதாம்.

அந்தத் திட்டின் மேல் நான் எத்தனை அகப்பைச் சோறு போட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. வெளியே வந்து அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்க" என்றேன்.

"விடுங்க. இப்ப தெரிஞ்சிருச்சுல்ல" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த வருடம் அவள் பால்குடம் எடுக்கவில்லை. வீதியோரம் நின்று, போகிறவர்களைக் கும்பிட்டாள். இப்போது மருந்தோடு, குழைவாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுத் தேறிவிட்டாள். ஆனாலும், இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள் சொன்னதை நம்ப எனக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டதே, அதற்காக அவள் விரதத்தையே விட வேண்டி வந்ததே என்று நினைத்தால், இன்றைக்கும் அவள் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.