நண்பகலில் மூடும் நீலப்பூ

முதல் அறிகுறி வலி அல்ல. வலித்திருந்தால் நான் பயந்திருப்பேன்; பயந்திருந்தால் அன்றைக்கே போயிருப்போம். முதலியார்பேட்டை வீட்டில் ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி கலா, இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். புளியங்கொட்டை அளவு. தொட்டால் நகரவில்லை.

"போயி காட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள்.

என் கையில் சீட்டுக்கட்டு இருந்தது. ஆரூடச் சீட்டுகள். கடற்கரைப் பக்கத்துக் கடையொன்றில் வாங்கியவை. ஒவ்வொன்றிலும் இந்த வட்டாரத்துக் காட்டுப்பூ ஒன்றின் ஓவியம், அடியில் ஒரே ஒரு சொல். பூவின் பெயர் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். காலையில் ஒன்றை உருவி, அந்தச் சொல்லிலிருந்து எழுதத் தொடங்குவது என் பழக்கம். திருப்பிப் பெயரைப் பார்த்ததே இல்லை. எனக்குச் சொல் போதும்.

கட்டை விரித்து அவளிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டே ஒன்றை உருவினாள். மிகச் சின்ன நீலப்பூ. அடியில்: காத்திரு.

அதோடு விட்டிருக்கலாம். நான் பேசினேன். உடம்புக்கும் பருவங்கள் உண்டு, வந்தது போலவே போகும் என்றெல்லாம். அழகாகத்தான் பேசியிருப்பேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது. மழைக்காலம் வந்தது, போனது. அவள் காத்திருந்தாள்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது அப்படிக் காத்திருந்தால், இந்தப் பத்தியோடு எழுந்து மருத்துவரிடம் போங்கள். மிச்சத்தை வந்து படித்துக்கொள்ளலாம்.

மழை ஓய்ந்தபின் ஒருவழியாக மருத்துவமனைக்குப் போனோம். பயாப்சி (கட்டியிலிருந்து துளித் திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்தது. புற்றுநோய். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் (தொற்றை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எட்டியிருந்தது.

"எப்பம்மா கவனிச்சீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"மழைக்கு முன்னாடி, டாக்டர்."

"ஏன் உடனே வரல?"

"வீட்டு வேலையிலயே போயிடுச்சு டாக்டர்," என்றாள் கலா. என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு நடைக்கூடத்தில் அந்த மருத்துவரைத் தனியாகப் பிடித்தேன். "முன்னாடியே வந்திருந்தா பரவியிருக்காதா, டாக்டர்?"

"பரவாம இருந்திருக்கலாம். அப்பவே பரவியும் இருந்திருக்கலாம். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, சார். இப்ப வந்துட்டீங்க, அதப் பாப்போம்."

திட்டு வாங்கப் போனவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அந்த நீலப்பூச் சீட்டை மட்டும் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்து, ஸ்கூட்டர் டிக்கியில் மழைக்கோட்டுக்கு அடியில் போட்டேன். கிழிக்கத் துணிவில்லை.

முதலில் கீமோ (நரம்பு வழியாக மருந்து ஏற்றும் சிகிச்சை). ஏறி முடிக்க அரை நாள் ஆகும். பொழுதுபோக வேண்டுமென்று கலா மீதிச் சீட்டுக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் ஜைனபா அக்கா. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவருக்கும் இதே நோய். நான் சீட்டுகளை எடுத்ததும் அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கிளியக் காணோம்? தனியா வந்துட்டீங்களா ஜோசியரே?"

கலா சிரித்தாள். மருந்து தொடங்கியபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. அவருக்கும் ஒன்றை நீட்டினேன். வாங்கிய வேகத்தில், அடியிலிருந்த சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"குறி பாக்கறது எங்களுக்குக் கூடாது தம்பி. பூவப் பாக்கலாம், அதுல தப்பில்ல. இது என்ன பூ?"

எனக்குத் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தேன். நாயுருவி.

"இது நெசமாவே இருக்கா, இல்ல சும்மா வரைஞ்சதா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. "போயி தேடிட்டு வாங்களேன்," என்றாள் கலா. "எந்நேரமும் எம் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க."

அப்படித்தான் தொடங்கியது. மருந்து சொட்டும் நேரமெல்லாம் நான் மருத்துவமனை மதில் ஓரங்களில் குனிந்து திரிந்தேன். வெள்ளணுக்கள் (தொற்றை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) குறைந்திருந்ததால் பூவோ மண்ணோ உள்ளே வரக்கூடாது. கைபேசியில் படமெடுத்து வருவேன். இருவரும் சீட்டைப் பக்கத்தில் வைத்து இதழ் எண்ணுவார்கள், இலையை ஒப்பிடுவார்கள், சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். சொல்லின்மேல் எப்போதும் ஒரு கட்டைவிரல்.

நாயுருவியைக் கண்டுபிடித்த அன்று, என் வேட்டி முழுக்க அதன் விதைகள் ஒட்டியிருந்தன. செவிலியர் வாசலிலேயே நிறுத்தி, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வரச் சொன்னார். கலா மெல்ல விரலை நகர்த்தி அந்தச் சீட்டின் சொல்லைப் படித்தாள். விட்டுவிடு.

"விட்டுவிடாம்," என்று சிரித்தாள். "அது வேட்டியவே விட மாட்டேங்குது."

அவளுக்கு முடி கொட்டியது, நகங்கள் கறுத்தன. தும்பையும் நெருஞ்சியும் மூக்குத்திப்பூவும் அவளுக்கு அத்துப்படியாயின. எனக்கோ ஒவ்வொரு பூவும் ஒரு கேள்வி. முதலிலேயே திருப்பிப் பார்த்திருந்தால் என்ன?

மார்பையும் அக்குள் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. கடைசி நாள் வெளியே வந்ததும் வெயிலில் நின்று கேட்டாள்.

"அந்த நீலப்பூ எங்க? அது ஒண்ணுதான் பாக்கி."

டிக்கியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஓரம் நைந்திருந்தது. திருப்பினாள். விஷ்ணுகிராந்தி.

உடம்பு தேறியபின் சேதராப்பட்டுப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்குப் போனோம். போய்ச் சேர மதியமாகிவிட்டது. தரையோடு படர்ந்த கொடிகள் இருந்தன, நீலம் இல்லை. மறுநாள் காலையிலேயே போனோம். அதே இடம் முழுக்க நீலப் பொட்டுகள். கலா முழங்காலிட்டாள். நான் நின்றேன். வெயில் ஏற ஏற, ஒவ்வொரு பூவாகச் சுருங்கத் தொடங்கியது.

"இதப் போயி காத்திருன்னு எழுதியிருக்காங்க," என்றாள். "மத்தியானம் வரைக்கும்கூட தாங்காது போல."

"கலா, அன்னிக்கு நான்..."

"அன்னிக்கு நான் கேட்டது சீட்ட இல்லீங்க. உங்கள."

கோபமாகச் சொல்லவில்லை. முந்தானையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டு எழ முயன்றாள். கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்று அதை எழுத எனக்கு உரிமையில்லை.

இப்போது சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில்தான் எங்களுக்கு வருடம் நடக்கிறது. அவள் இடப்பக்கம் ஒருக்களிப்பதில்லை. தூக்கத்திலும் அந்தப் பக்கம் இடம்விட்டுப் படுக்கக் கற்றுக்கொண்டது என் உடம்பு. முன்பெல்லாம் என் நாள் மெதுவாகத் தொடங்கும். இப்போது மதியத்துக்குள் முடிந்துவிடும் போல ஓர் அவசரம்.

போன வாரம் காலையில் அவள் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். வளையல் இறுகியிருந்தது. லிம்ஃபெடிமாவாக (கணுக்களை எடுத்தபின் நீர் தேங்கிக் கை வீங்குவது) இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

"போயி காட்டிட்டு வந்துடலாமா?" என்றாள்.

மேசையில் பாதி எழுதிய வரி ஒன்று இருந்தது. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்திருந்தேன்.