அலோர் ஸ்டாரிலிருந்து கூலிமுக்கு லோரியில் போன சர்வர்கள்

இந்தப் பயணத்தில் எனக்குத் துணையாக வந்தவை ஒரு லோரி நிறைய சர்வர்கள்.

அலோர் ஸ்டார் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சர்வர் அறையில் ஏர்கோன் அடிக்கடி படுத்துவிடும். மழைக்குக் கூரை ஒழுகும். அதனால் எல்லாவற்றையும் கூலிம் ஹைடெக் பூங்காவில் உள்ள ஒரு தரவு மையத்துக்கு மாற்ற முடிவானது. அங்கே கட்டடம், மின்சாரம், குளிர்ச்சி, காவல் எல்லாம் அவர்களுடையது. இயந்திரங்கள் மட்டும் நம்முடையவை. மாத வாடகைதான். செமஸ்டர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமையைப் பிடித்தோம். திங்கள் காலை தேர்வு முடிவுகள் வெளியாக வேண்டும், அதற்குள் எல்லாம் ஓடியாக வேண்டும்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. லோரியை ஓட்டியவர் சேகர் அண்ணன். என் சக ஊழியர் ஃபைசல், தகவல்களின் நகல்களை எடுத்துக்கொண்டு தன் காரில் முன்னாலேயே போய்விட்டார். அசலும் நகலும் ஒரே வண்டியில் போகக் கூடாது!

நெடுஞ்சாலையில் வலது பக்கம் குனோங் ஜெராய் மலை மேகத்துக்குள் நின்றது. எத்தனையோ தடவை போன சாலைதான். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு பாலத்தின் இணைப்பும் என் முதுகெலும்பில் தெரிந்தது.

சுங்கைப் பட்டாணியில் பசியாற ரொட்டி சானாய், குடிக்கத் தே தாரேக். லோரி கண்ணில் படும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தோம். அங்கிருந்து கூலிம் சாலையில் திரும்பினால், முன்னால் ஏதோ கனரக வண்டி கவிழ்ந்து, வாகனங்கள் அசையவே இல்லை. மையத்தில் சரக்கு இறக்க எங்களுக்குத் தந்த நேரம் மதியம் ஒரு மணி வரைதான். தவறினால் திங்கட்கிழமைதான்.

"சிடாம் கிரி பக்கம் தோட்டத்துக்குள்ள பூந்து போயிரலாம்மா. ரோடு கொஞ்சம் மோசம்," என்றார் சேகர் அண்ணன்.

குலுங்கினால் ஹார்ட் டிஸ்க் போய்விடும். காத்திருந்தால் தேர்வு முடிவு போய்விடும். ஃபைசலுக்குப் போன் அடித்தேன். "அக்காதான் முடிவு பண்ணணும்," என்று மலாயில் சொல்லிவிட்டார்.

"போலாம்ணே. ஆனா உருட்டிக்கிட்டே போங்க."

செம்பனை மரங்களுக்கு நடுவே ஆமை மாதிரி ஊர்ந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் கல்யாணப் பந்தல்! தோட்டத்துக் கோயில் வாசலில் பாதிச் சாலையைப் பந்தலும் மீதியைக் கார்களும் அடைத்திருந்தன. இறங்கி ஓடினேன். எதிரே பட்டுப்புடவையில் ஒரு பெண், கல்யாணப் பெண்ணின் தங்கை. விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த யூனிவர்சிட்டிலா அக்கா?"

சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அங்கதான் நான் படிக்கிறேன்! என் ரிசல்ட்டும் அந்த லோரியிலயா?"

"எல்லாரோடதும்."

அடுத்த நொடி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "மாமா! காடிய எடுங்க! என் ரிசல்ட் போகுது!"

மாமாக்கள் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார்கள். நாதஸ்வரக்காரர்கூட எழுந்து நின்று "பின்னால வா, வா" என்று கையசைத்தார். கார்கள் ஒவ்வொன்றாக விலக, பூப்போல நடுவில் நகர்ந்தோம். யாரோ ஜன்னல் வழியாக லட்டு நீட்டினார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கூலிமில் நுழைந்தோம். இறக்கி, அடுக்கி, கேபிள்களைச் செருகினோம். கடைசியாக மாணவர் தகவல்கள் உள்ள சர்வர் எழ மறுத்தது. திறந்து பார்த்தால், மெமரி அட்டை ஒன்று லேசாக நழுவியிருந்தது. அழுத்தி உட்கார வைத்தேன். பச்சை விளக்கு! ஃபைசல் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

இதே வேலை உங்களுக்கும் வந்தால், மாற்றுப் பாதையை ஒரு வாரத்துக்கு முன்பே ஓட்டிப் பாருங்கள், நாங்கள் பார்க்கவில்லை. கேபிள்களின் இரு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். உள்ளே பயங்கரக் குளிர், ஸ்வெட்டர் அவசியம். லோரியை அனுப்பிவிட்டு ஆபீஸிலேயே இருக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூடவே போங்கள். பன்னிரண்டு வருட வேலையில் எனக்கு இவ்வளவு சந்தோஷமான நாள் வாய்த்ததில்லை.